சொல்லக் கூசும் ஒரு வியாதி: உள்வைப்புச் சாதனங்களைப் பற்றி ஒரு விளக்கம்



கண்புரை, காசநோய், பிரசவம் என்று இந்த மருத்துவர் பக்கத்தில் எழுதும்போது, நீங்கள் அதைக் குடும்ப ஜெபத்தில் சத்தமாய் வாசித்து எங்களுக்காக ஜெபிக்கிறீர்கள். இம்முறை எழுதப்போகும் காரியத்தை அப்படி வாசிக்கச் சிலருக்குக் கூச்சமாயிருக்கும். ஆனாலும் எழுத வேண்டியிருக்கிறது. ஏனென்றால், இந்த வியாதியைப் பற்றி ஆலயத்திலும் பேசுவதில்லை, வீட்டிலும் பேசுவதில்லை. பேசுகிறவர்கள் எல்லாம் சுவர் விளம்பரக்காரர்களும், விடுதி அறையில் முகாம் போடும் போலி வைத்தியர்களுமே.

ஆண்களுக்கு உண்டாகும் விறைப்புக் குறைபாட்டையும், அதற்குக் கடைசிப் படியாகச் செய்யப்படும் உள்வைப்பு அறுவைச் சிகிச்சையையும் பற்றி இங்கே விளக்க விரும்புகிறேன். "நாங்கள் அனுப்பும் காணிக்கையில் இப்படிப்பட்ட சிகிச்சையும் நடக்கலாமா? இது ஆடம்பரமல்லவா?" என்று கேட்கும் பங்காளர்கள் உண்டு. அது நியாயமான கேள்வி. நோயையும் சிகிச்சையையும் அறிந்தபின் அதற்குப் பதில் சொல்வது எளிதாயிருக்கும்.

இது என்ன வியாதி?

ஆணுறுப்பின் உள்ளே மேற்பக்கத்தில் இரண்டு குழல்கள் அக்கம்பக்கமாய் அமைந்திருக்கின்றன. அவற்றின் உட்புறம் கடற்பஞ்சைப் போன்றது. சுற்றிலும் உறுதியான ஓர் உறை இருக்கிறது. சிறுநீர்க் குழாய் இவ்விரண்டுக்கும் கீழே தனியாக ஓடுகிறது. மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் நரம்பு வழியாய்ச் செய்தி வரும்போது, நைட்ரிக் ஆக்சைடு என்ற பொருள் வெளிப்பட்டு அங்குள்ள தசைகளைத் தளர்த்துகிறது. இரத்தக் குழாய்கள் விரிந்து பஞ்சு முழுவதும் இரத்தத்தால் நிறைகிறது. நிறைந்த பஞ்சு, உறைக்கு அடியில் உள்ள சிரைகளை நெருக்கி, இரத்தம் திரும்பிப் போகாதபடி அடைத்துக்கொள்கிறது. இதுவே விறைப்பு.

மனம், நரம்பு, இரத்தக் குழாய், ஹார்மோன், பஞ்சுத் தசை ஆகிய இவை எல்லாம் ஒத்துழைத்தால்தான் இது நடக்கும். ஒன்று தவறினாலும் குறைபாடு உண்டாகும். களைப்பினாலோ கவலையினாலோ ஒருநாள் இரண்டுநாள் முடியாமற் போவது வியாதியல்ல. மாதக்கணக்கில் தாம்பத்திய உறவுக்குப் போதுமான விறைப்பு வராமலோ நிலைக்காமலோ இருந்தால்தான் அதை வியாதி என்கிறோம். 1992இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர் மாநாடு, ஆண்மையற்றவன் என்று இழிவாக ஒலிக்கும் பழைய சொல்லை விட்டுவிட்டு, விறைப்புக் குறைபாடு என்று சொல்லும்படி பரிந்துரைத்தது. ஒரு மனுஷனுடைய ஆண்மை அவனுடைய ஓர் உறுப்பின் இரத்த ஓட்டத்தில் அடங்கியிருப்பதில்லை என்பதை விசுவாசிகளாகிய நாம் அறிவோம். மருத்துவமும் அதையே ஒத்துக்கொண்டது.

யாருக்கு வருகிறது?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 40 முதல் 70 வயது வரையுள்ள ஆண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு 1994இல் வெளியாயிற்று. அவர்களில் 52 சதவீதம் பேருக்கு ஏதாவது ஓர் அளவில் இக்குறை இருந்தது. முற்றிலும் இயலாமை 40 வயதில் 5 சதவீதமாகவும், 70 வயதில் 15 சதவீதமாகவும் காணப்பட்டது. ஆகவே இது அபூர்வமான நோயல்ல. நம் சபைகளின் ஆண்கள் ஐக்கியத்தில் உட்கார்ந்திருப்பவர்களிலும் இந்தப் பாரத்தைச் சுமக்கிறவர்கள் இருப்பார்கள்.

முதலாவது பெரிய காரணம் சர்க்கரை நோய். அது நரம்பையும் கெடுக்கும், சிறு இரத்தக் குழாய்களையும் கெடுக்கும். சர்க்கரை நோயுள்ள ஆண்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு இக்குறை உண்டாகிறது. அதுவும் மற்றவர்களுக்கு வருவதைவிடப் பல ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது. இரத்தக் கொதிப்பு, புகைபிடித்தல், குடிப்பழக்கம், அளவுக்கு மிஞ்சிய கொழுப்பு, மனச்சோர்வு ஆகியவையும் காரணங்கள். இரத்தக் கொதிப்புக்கும் மனநோய்க்கும் கொடுக்கப்படும் சில மாத்திரைகளாலும் இது வரலாம்.

இரண்டாவது, விபத்துகள். பனைமரத்திலிருந்தோ சாரத்திலிருந்தோ விழுந்து முதுகுத்தண்டு முறிந்தவர்கள், வண்டியில் அடிபட்டு இடுப்பெலும்பு நொறுங்கிச் சிறுநீர்க் குழாய் அறுந்தவர்கள் ஆகியோரை நம் வார்டுகளில் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். இவர்களில் அநேகர் இளைஞர்கள். உயிர் பிழைத்ததற்காகக் கர்த்தரைத் துதித்த பின்பு, சில மாதங்கள் கழித்து, மெல்லிய குரலில் அவர்கள் கேட்கும் கேள்வி இதுதான்: "டாக்டர், எனக்குக் குடும்ப வாழ்க்கை உண்டா?"

மூன்றாவது, பிராஸ்டேட், சிறுநீர்ப்பை, மலக்குடல் ஆகியவற்றில் வந்த புற்றுநோய்க்காக அறுவைச் சிகிச்சையோ கதிர்வீச்சோ பெற்றவர்கள். இவை தவிர, தொழுநோய் சிலருடைய விதைகளையும் தாக்கி, ஆண் ஹார்மோன் சுரப்பதைக் குறைத்துவிடுவது உண்டு. இது மிஷன் மருத்துவமனைகளுக்குப் பழக்கமான காரியம்.

இதயத்தைப் பற்றிய முன்னறிவிப்பு

ஆணுறுப்பின் இரத்தக் குழாய்கள் இதயத்தின் இரத்தக் குழாய்களைவிட மெல்லியவை. ஆகவே கொழுப்புப் படிந்து குழாய் அடைபடத் தொடங்கும்போது, முதலில் தெரிவது பல வேளைகளில் இங்கேதான். மாரடைப்பு வருவதற்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் முன்பே விறைப்புக் குறைபாடு தோன்றுவதுண்டு என்று கண்டிருக்கிறார்கள்.

இதனால்தான் இந்தக் குறையைச் சொல்லி வருகிற ஒவ்வொருவருக்கும் முதலில் சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைப் பரிசோதித்து, தேவைப்பட்டால் இதயத்தையும் பார்க்கிறோம். வெட்கப்பட்டு வராமலிருக்கிறவர் இழப்பது தாம்பத்திய சுகத்தை மாத்திரமல்ல, தன் உயிரைக் காக்கும் தருணத்தையும் இழந்துபோகலாம். போலி வைத்தியரிடம் போகிறவருக்கு இந்தப் பரிசோதனை எதுவும் கிடைப்பதில்லை. அவர் கொடுக்கும் பொட்டலத்தில் என்ன கலந்திருக்கிறது என்பதும் தெரிவதில்லை. "மூலிகை" என்று விற்கப்படும் மருந்துகளில் ஆங்கில மாத்திரையின் தூளைச் சொல்லாமல் கலந்திருப்பது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. இந்தியாவில் 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர சிகிச்சைகள் விளம்பரச் சட்டம், ஆண்மைக் குறைவைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வதைத் தடைசெய்கிறது. ஆயினும் சுவர்களில் அந்த எழுத்து அழியவில்லை.

அறுவைச் சிகிச்சைக்கு முன்னான படிகள்

இளம் தம்பதியரில், அதிகாலையில் விறைப்பு இயல்பாய் வருகிறது, மனைவியோடு இருக்கும்போது மாத்திரம் வருவதில்லை என்றால், பெரும்பாலும் அது பயமும் பதற்றமும் சார்ந்தது. அவர்களுக்கு அறுவைச் சிகிச்சை தேவையே இல்லை. கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்து ஆலோசனை கொடுத்தால் பெரும்பாலோர் நலமடைகிறார்கள்.

மற்றவர்களுக்குப் புகையையும் குடியையும் விடுதல், உடற்பயிற்சி, சர்க்கரையைக் கட்டுப்படுத்துதல், தேவையானால் மாத்திரைகளை மாற்றுதல் ஆகியவை முதற்படி. அடுத்தது வாய்வழி மாத்திரைகள். நெஞ்சுவலிக்காகச் சோதித்துப் பார்க்கப்பட்ட சில்டெனாஃபில் என்ற மருந்து, எதிர்பாராத விதமாய் இதற்குப் பயன்படுவது தெரிந்து, 1998 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பின்பு டாடலாஃபில் போன்றவையும் வந்தன. அநேகருக்கு இவை போதும். ஆனால் நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்கள் இவற்றைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழுந்துவிடும்.

மாத்திரைக்கு மசியாதவர்களுக்கு, காற்றை உறிஞ்சி இரத்தத்தை வரவழைக்கும் வெற்றிடக் குழாய்ச் சாதனம் உண்டு. உறுப்பிலேயே போட்டுக்கொள்ளும் மெல்லிய ஊசியும் உண்டு. இவை எல்லாம் பலன் தராதபோதும், ஒருவரால் இவற்றைப் பயன்படுத்த முடியாதபோதும்தான் உள்வைப்பு அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேசுகிறோம்.

விலா எலும்பிலிருந்து சிலிக்கோன் வரை

இந்தச் சிகிச்சை திடீரென்று தோன்றியதல்ல. ரஷ்யாவைச் சேர்ந்த நிக்கொலாய் பொகொராஸ் என்ற அறுவை மருத்துவர், 1936இல் நோயாளியின் விலா எலும்பிலிருந்து எடுத்த குருத்தெலும்பைச் செதுக்கி உள்ளே வைத்தார். இவர் 1920இல் டிராம் வண்டி விபத்தில் தம்முடைய இரண்டு கால்களையும் இழந்தவர். செயற்கைக் கால்களை மாட்டிக்கொண்டு மறுபடியும் அறுவை மேசைக்குத் திரும்பினார். சரீரத்தில் ஒன்றை இழப்பது இன்னதென்று அறிந்த ஒருவரே இந்தப் பாதையைத் திறந்தார் என்பது சிந்திக்கத்தக்கது. ஆனால் குருத்தெலும்பு நாளடைவில் கரைந்துபோயிற்று, அல்லது வளைந்துபோயிற்று. 1950களில் அக்ரிலிக் தண்டு வைத்துப் பார்த்தார்கள். அதுவும் நிலைக்கவில்லை.

1960களில் எகிப்தைச் சேர்ந்த மருத்துவர் பெஹெரி, பஞ்சுக் குழல் ஒவ்வொன்றுக்கும் ஒரு தண்டாக இரண்டு பாலித்தீன் தண்டுகளை வைத்தார். சரியான இடம் எது என்பது அப்போது விளங்கிற்று. சிலிக்கோன் ரப்பர் சரீரத்தோடு ஒத்துப்போகிறது என்பது தெரிந்தபின், 1975இல் மயாமி நகரின் மருத்துவர்கள் ஸ்மால், காரியன் ஆகியோர் சிலிக்கோன் தண்டுகளைப் பற்றி அறிவித்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1973இல், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பிராண்ட்லி ஸ்காட் என்ற மருத்துவரும் அவருடைய உடன் ஊழியரும், திரவத்தால் நிரப்பித் தேவையானபோது விறைக்கவும் தளரவும் செய்யும் சாதனத்தை வெளியிட்டிருந்தார்கள். இன்று உலகெங்கும் பயன்படுகிற சாதனங்கள் எல்லாம் இவ்விரண்டு வழிகளிலிருந்து வந்தவையே.

மூன்று வகைகள்

முதல் வகை, வளையும் தண்டு. இரண்டு சிலிக்கோன் தண்டுகளை இரு குழல்களிலும் வைத்துவிடுகிறார்கள். பலவற்றின் நடுவில் மெல்லிய உலோகக் கம்பிகளின் முறுக்கு இருக்கும். உறுப்பு எப்போதும் உறுதியாகவே இருக்கும். வேண்டும்போது கையால் மேலே நிமிர்த்திக்கொள்ளலாம். மற்ற வேளைகளில் கீழே வளைத்து உடைக்குள் அடக்கிக்கொள்ளலாம். பம்ப் இல்லை, குழாய் இல்லை, பழுதாக அதிகமாய் ஒன்றுமில்லை. விலையும் குறைவு. மும்பையைச் சேர்ந்த மருத்துவர் ரூபின் ஷா, இந்திய நோயாளிகளின் கைக்கு எட்டும் விலையில் இப்படிப்பட்ட ஒரு சாதனத்தை வடிவமைத்திருக்கிறார். குறை என்னவென்றால், எப்போதும் உறுதியாயிருப்பதால் மெல்லிய உடையில் வெளியே தெரியலாம். ஓயாமல் உள்ளிருந்து அழுத்துவதால், உணர்ச்சி இல்லாதவர்களுக்குச் சில வேளைகளில் தோலை அரித்துக்கொண்டு வெளியே வந்துவிடும் ஆபத்தும் உண்டு.

இரண்டாம் வகை, இரண்டு பாகங்கள் உள்ள நிரப்புச் சாதனம். குழல்களில் இரண்டு உருளைகளும், விதைப்பையில் ஒரு சிறு பம்ப்பும் வைக்கப்படும். விதைப்பையின் தோலுக்கு மேலாகப் பம்ப்பை அழுத்தினால், உருளைகளின் பின்பகுதியில் இருக்கும் உப்பு நீர் முன்னே வந்து விறைப்பு உண்டாகும். உறுப்பைச் சில விநாடிகள் வளைத்துப் பிடித்தால் நீர் திரும்பிப் போகும். வயிற்றுக்குள் எதையும் வைக்க வேண்டாம் என்பதால், முன்பு அடிவயிற்றில் பெரிய அறுவைச் சிகிச்சை நடந்தவர்களுக்கு இது ஏற்றது. தளர்ந்த நிலையில் முழுவதுமாய்த் தளராது.

மூன்றாம் வகை, மூன்று பாகங்கள் உள்ளது. உருளைகள், பம்ப் ஆகியவற்றோடு, அடிவயிற்றுத் தசைகளுக்குப் பின்னால் நீர் தங்கும் பை ஒன்றும் வைக்கப்படும். பம்ப்பை அழுத்தும்போது பையிலிருந்து நீர் வந்து உருளைகளை நிரப்பும். விடுவிப்புப் பொத்தானை அழுத்தினால் திரும்பிப் போய்விடும். விறைப்பிலும் தளர்ச்சியிலும் இயற்கைக்கு மிகவும் கிட்டியது இதுவே. வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பாகங்கள் அதிகமானதால் பழுதாகும் வாய்ப்பும் அதிகம். 10 முதல் 15 ஆண்டுகள் கழித்து ஏறக்குறைய 60 முதல் 80 சதவீதம் சாதனங்கள் தொடர்ந்து வேலை செய்கின்றன. மற்றவற்றை மாற்றவேண்டி வரும். வெளிநாட்டிலிருந்து வருவதால் இதற்கு நம் நாட்டில் பல லட்சம் ரூபாய் ஆகிறது.

அறுவைச் சிகிச்சை எப்படி நடக்கிறது?

முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தோ, முழு மயக்கம் கொடுத்தோ இதைச் செய்கிறார்கள். உறுப்பும் விதைப்பையும் சேரும் இடத்திலோ, அடிவயிற்றின் கீழேயோ சிறிதாகக் கீறி, இரு குழல்களையும் திறந்து, அளவெடுத்து, அளவுக்குத் தக்க சாதனத்தை வைத்துத் தைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். சிறுநீருக்கு ஒருநாள் கதீட்டர் இருக்கும். ஒன்றிரண்டு நாளில் வீடு திரும்பலாம். வலியும் வீக்கமும் சில வாரங்கள் இருக்கும். நிரப்பு வகையானால் நான்கு முதல் ஆறு வாரங்களுக்குள் திரும்ப வந்து, பம்ப்பை இயக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ஏறக்குறைய ஆறு வாரங்கள் கழித்தே தாம்பத்திய உறவு கொள்ளலாம்.

மாறுவது எது, மாறாதது எது?

இதை நோயாளிக்கும் மனைவிக்கும் முன்கூட்டியே தெளிவாய்ச் சொல்லிவிட வேண்டும். சாதனம் கொடுப்பது உறுதியை மாத்திரமே. ஆசையை அது உண்டாக்காது. தொடு உணர்வும், உச்சநிலை அடைவதும், விந்து வருவதும் முன்பு எப்படி இருந்ததோ பெரும்பாலும் அப்படியே இருக்கும். முன்பு இருந்தவை போய்விடாது, முன்பு இல்லாதவை புதிதாய் வந்துவிடாது. உறுப்பு நீளமாகாது. சற்றுக் குறைந்ததுபோல் சிலருக்குத் தோன்றும். சிறுநீர்க் குழாய் தனியாக இருப்பதால் சிறுநீர் கழிப்பதில் மாற்றமில்லை.

மிக முக்கியமானது ஒன்று: இந்த அறுவைச் சிகிச்சை திரும்பப்பெற முடியாதது. சாதனத்துக்கு இடம்கொடுக்கும்போது உள்ளிருக்கும் பஞ்சுத் தசை நசுங்கிப்போகிறது. பின்னர் சாதனத்தை எடுத்துவிட்டாலும் இயற்கையான விறைப்பு பழையபடி வராது. மாத்திரையும் பலன் தராது. ஆகவேதான் இதைக் கடைசிப் படி என்கிறோம். ஒருநாளும் இதை அவசரப்பட்டுச் செய்யக்கூடாது.

பிள்ளைப்பேறுக்காக மாத்திரம் இதைக் கேட்டு வருகிறவர்களுக்கு, இந்த அறுவைச் சிகிச்சை இல்லாமலே வேறு வழிகள் உண்டு. முதுகுத்தண்டு முறிந்தவர்களுக்கும்கூட அதிர்வுக் கருவியாலோ, மின்தூண்டலாலோ, விதையிலிருந்து நேரடியாகவோ விந்தணுவைப் பெற்றுக் கருத்தரிக்க உதவ முடியும்.

ஆபத்துகள்

எல்லாவற்றிலும் பயப்படவேண்டியது கிருமித் தொற்று. தோலில் சாதாரணமாய் வாழும் கிருமிகளே அறுவையின்போது சாதனத்தின் மேல் ஒட்டிக்கொண்டு, வழுவழுப்பான படலம் ஒன்றைக் கட்டி அதற்குள் ஒளிந்துகொள்கின்றன. மருந்து அங்கே எட்டாது. அப்படியானால் சாதனத்தை வெளியே எடுக்க வேண்டியதுதான். சிலருக்கு அந்த நேரத்திலேயே நன்றாய்க் கழுவிப் புதியதை வைக்க முடியும். 2001 முதல் ரிஃபாம்பிசின், மினோசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்துகள் பூசப்பட்ட நிரப்புச் சாதனங்கள் வந்தபின், முதல்முறை செய்யப்படும் அறுவைகளில் தொற்று 1 முதல் 3 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. இரண்டாம் முறை செய்யும்போது அது அதிகமாகும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும், முதுகுத்தண்டு முறிந்தவர்களுக்கும் ஆபத்து அதிகம். எனவே சர்க்கரை அடங்கும்வரை, சிறுநீரில் கிருமி தீரும்வரை, படுக்கைப்புண் ஆறும்வரை நாங்கள் நாள் குறிப்பதில்லை. நோயாளி மனம் சலித்தாலும் காத்திருக்கச் சொல்லுகிறோம்.

யாருக்கு எது ஏற்றது?

ஒரு சாதனம் மற்றதைவிட மேலானது என்று பொதுவாய்ச் சொல்ல முடியாது. யாருக்கு என்பதே கேள்வி. கையில் பலமும் விரல்களும் இருந்தால்தான் பம்ப்பை இயக்க முடியும். தொழுநோயினால் விரல்கள் மரத்து மடங்கிப்போனவருக்கும், நடுக்கம் உள்ள முதியவருக்கும் வளையும் தண்டே உதவும். முதுகுத்தண்டு முறிந்து உணர்ச்சியற்றுப்போனவருக்கோ, எப்போதும் அழுத்தாத நிரப்பு வகை பாதுகாப்பானது. அவருடைய கைக்குப் பலமில்லையானால் மனைவி பம்ப்பை இயக்கக் கற்றுக்கொள்ளலாம். பிராஸ்டேட் நோய்க்காகச் சிறுநீர்ப்பாதை வழியாய் அடிக்கடி கருவி செலுத்த வேண்டியவருக்கு, வளையும் தண்டு இடைஞ்சலாயிருக்கும். வயலிலும் தறியிலும் வேலை செய்கிற, பழுதுபார்க்கத் தூர நகரத்துக்குப் போக முடியாத ஏழைக்கு, பாகங்கள் குறைந்ததே நல்லது.

சரியானவரைத் தெரிந்தெடுத்து, இருவருக்கும் விளக்கிச் சொல்லிச் செய்யும்போது, கணவர்களிலும் மனைவிகளிலும் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் திருப்தி தெரிவிப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. விளக்காமல் செய்யும்போது, அறுவை நன்றாய் நடந்தும் ஏமாற்றம் மிஞ்சுகிறது.

மனைவியையும் அழைத்து வாருங்கள்

விவாகமாகிப் பல ஆண்டுகள் ஆகியும் ஒன்றுசேராத தம்பதிகள் உண்டு. ஊரும் உறவும் அந்தப் பெண்ணைத்தான் மலடி என்கிறது. வளைகாப்புக்கு அழைப்பதில்லை. கணவனுடைய குறையை அவள் யாரிடமும் சொல்வதுமில்லை. அவனோ வெட்கத்தினாலே அவளைவிட்டு விலகி, கோபத்தினாலும் குடியினாலும் அதை மறைக்கிறான். அவளோ தன்னை அவன் வெறுத்துவிட்டான் என்று எண்ணிக்கொள்கிறாள். நோய் ஒருவருக்கு, தண்டனை இருவருக்கும்.

ஆகையால் கணவனை மாத்திரம் வைத்து நாங்கள் முடிவெடுப்பதில்லை. மனைவியும் உட்கார்ந்து கேட்க வேண்டும், கேள்வி கேட்க வேண்டும், தன் மனதைச் சொல்ல வேண்டும். இந்த அறுவைச் சிகிச்சையே வேண்டாம், இருக்கிறபடியே அன்பாய் வாழ்ந்துகொள்கிறோம் என்று இருவரும் ஒருமனப்பட்டுச் சொல்லிப் போகிறதும் உண்டு. அதுவும் நல்ல முடிவே.

காணிக்கைப் பணத்தில் இது தகுமா?

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் செய்யவேண்டிய கடமையைப் பவுல் அப்போஸ்தலன் கொரிந்தியருக்கு எழுதின முதலாம் நிருபம் ஏழாம் அதிகாரத்தில் வெட்கப்படாமல் எழுதினார். தாம்பத்திய உறவு தேவன் ஏற்படுத்தின ஈவு. அதில் வந்த வியாதியும் மற்ற வியாதிகளைப்போல ஒரு வியாதியே. கண் தெரியாதவனுக்குப் பார்வையும், நடக்க முடியாதவனுக்குக் காலும் கொடுக்க விரும்பும் மிஷன் மருத்துவமனை, இதற்கு மாத்திரம் முகத்தைத் திருப்பிக்கொள்வது நியாயமல்ல.

முதுகுத்தண்டு முறிந்தவர்களுக்கு இந்த நாட்டில் புனர்வாழ்வின் வழியைத் திறந்தவர்களில் ஒருவர், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ். 1954இல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த அவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். 1966இல் வேலூரில் புனர்வாழ்வு நிலையம் தொடங்கப்பட்டது. உயிரைக் காப்பதோடு பணி முடிவதில்லை, வாழ்வைத் திருப்பிக் கொடுப்பதும் பணியே என்பதை அவர் நமக்குக் கற்பித்தார். குடும்ப வாழ்வும் அந்த வாழ்வின் ஒரு பகுதியல்லவா?

அதே சமயத்தில், உங்கள் காணிக்கை பரிசுத்தமானது என்பதை அறிந்திருக்கிறோம். ஒருவருடைய விலையுயர்ந்த சாதனத்துக்குக் கொடுக்கும் பணத்தில் அநேகருடைய கண்புரையை நீக்கலாம். ஆகவே நன்கொடை நிதியிலிருந்து, விபத்தாலும் வியாதியாலும் இந்தக் குறை வந்து, மற்றச் சிகிச்சைகள் பலிக்காத ஏழைகளுக்கு, நம் நாட்டில் செய்யப்படும் வளையும் தண்டு வகைக்கே உதவுகிறோம். நிரப்பு வகையை விரும்புகிறவர்கள் தங்கள் சொந்தச் செலவில் பெற்றுக்கொள்கிறார்கள். மருத்துவக் காரணத்தினால் ஓர் ஏழைக்கு நிரப்பு வகைதான் வேண்டும் என்றால், அதை மருத்துவர் குழுவும் நிர்வாகக் குழுவும் சேர்ந்து ஜெபத்தோடு தீர்மானிக்கும். பரிசோதனை, ஆலோசனை, மாத்திரை ஆகியவற்றுக்கே இந்த நிதியின் பெரும்பங்கு செல்ல வேண்டும் என்பது எங்கள் நோக்கம். ஏனென்றால் பெரும்பாலோருக்கு அதுவே போதும்.

அண்ணகர்களைத் தம்முடைய வீட்டிலிருந்து தள்ளிவிடாமல், குமாரர் குமாரத்திகளுக்கு உண்டாவதிலும் மேலான நாமத்தை அவர்களுக்கு வாக்குப்பண்ணின தேவன் நம்முடைய தேவன் என்று ஏசாயா 56ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். எத்தியோப்பிய மந்திரியின் இரதத்தண்டைக்குப் பிலிப்புவை அனுப்பினவரும் அவரே. ஆகவே சிகிச்சை பலித்தவனும் பலிக்காதவனும், அறுவை செய்துகொண்டவனும் வேண்டாமென்றவனும், அவருடைய பார்வையில் குறைந்தவர்கள் அல்ல. இந்த வார்த்தையையும் சேர்த்துச் சொல்லி அனுப்பாவிட்டால், எங்கள் சிகிச்சை அரைகுறையானதே.

உங்கள் குடும்பத்திலோ சபையிலோ இந்த வேதனையில் இருக்கிறவர் உண்டானால், அவரைப் பரியாசம் பண்ணாமல், போலி வைத்தியரிடம் போகவிடாமல், தகுதிபெற்ற மருத்துவரிடம் அனுப்பிவையுங்கள். போதகர்கள் விவாகத்துக்கு முன் கொடுக்கும் ஆலோசனையில் இதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னால், அநேக வீடுகள் காக்கப்படும்.

ஜெபக் குறிப்புகள்

1. வெட்கத்தினால் ஒளிந்திருக்கும் நோயாளிகள் தைரியமடைந்து, காலந்தாழ்த்தாமல் சிகிச்சைக்கு வரும்படியாக.

2. கணவருடைய குறையினிமித்தம் மலடி என்ற நிந்தையைச் சுமக்கும் சகோதரிகளின் ஆறுதலுக்காக.

3. முதுகுத்தண்டு முறிந்து வார்டில் இருக்கும் வாலிபர்களுக்காகவும், அவர்களைவிட்டு விலகாமல் தாங்கும் மனைவிமாருக்காகவும்.

4. அறுவை அரங்கத்தின் சுத்தத்தைக் காக்கும் செவிலியர், ஊழியர் ஒவ்வொருவருக்காகவும். கிருமித் தொற்று நேராதபடி அவர்களுடைய கவனமே முதல் காவல்.

5. யாருக்கு, எதை, எப்போது செய்வது என்று தீர்மானிக்கும் மருத்துவர்களுக்குத் தேவன் ஞானம் தரும்படியாக.



கிறிஸ்துவின் பணியில்,
சிறுநீரகப் பிரிவு மருத்துவர்